காது முறை

தேனி
18.7.2024

கூடலூர் சகோதரி மாயக்காள் அவர்களுக்கு,

தேனியிலிருந்து குக்கர் ரிப்பேர் ஸ்டான்லி எழுதுகிறேன். உயிரோடு எழுதுகிறேன் என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கர்த்தருக்கும், அவருக்கு அடுத்தபடியாக உங்களுக்கும் ஸ்தோத்திரம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் தெருவின் பெயர் எனக்குத் தெரியாது. "ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பு நிக்கிற முக்கு, மாயக்காள்னு போட்டா வந்துரும்" என்று அன்று நீங்களே சொன்னீர்கள். அந்த நம்பிக்கையில் தபாலில் போடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை என் மனைவி ஜெபராணியிடம் முழுதாகச் சொல்லவே எனக்கு நாள் பிடித்தது. குக்கரில் பழைய ரப்பர் வளையத்தைக் கழற்றினால் அதைத் தெருப் பிள்ளைகளிடம் உருட்டி விளையாடக் கொடுப்பது என் பழக்கம். அன்று ஒரு சின்னப் பெண் வளையத்துக்காக என் ஆம்னி வேனுக்குள் ஏறிவிட்டாள். இறங்கத் தெரியவில்லை. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி இறக்கி விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அடுத்த தெருவில் வண்டியை நிறுத்தியதும் ஆட்கள் கூடினார்கள். இன்றைக்கு நல்ல வியாபாரம் என்று சந்தோஷப்பட்டேன். ஒருவன் வண்டிச் சாவியைப் பிடுங்கினான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். ஒரு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அதில் நான் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "பிள்ளை பிடிக்கிறவன், வெள்ளை ஆம்னி" என்று ஒரு குரல் அதற்குள்ளிருந்து சொன்னது.

அப்போதுதான் நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன் கதவைத் திறந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தீர்கள். "ஏலே, பிள்ளை பிடிக்கிறவரு வந்திருக்காகன்னு சொன்னாக. என்னையும் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்கப்பா. எங்க வீட்டுக்காரரு கொஞ்ச நாள் நிம்மதியா இருப்பாரு" என்றீர்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் என் சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பிறகு நீங்கள் ஆள் அனுப்பி அந்தப் பிள்ளையின் தாயை வரவழைத்தீர்கள். அந்த அம்மாள் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார்கள். விடுதலை என்ற வார்த்தையைச் சிறுவயதிலிருந்து கோயிலில் கேட்கிறேன். அது ஒரு சிரிப்பாக வரும் என்று எந்தப் பிரசங்கியும் எனக்குச் சொன்னதில்லை.

போனை அணைத்து பீரோவில் ஜெபராணியின் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் போன் மணி அடித்தாலே எழுந்து போய்க் கதவைத் தாழிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் படத்தை எடுத்துப் போட்டது யார்? பெயரைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு
நன்றி மறவாத
ஸ்டான்லி


கூடலூர்
26.7.2024

குக்கர்க்கார அண்ணாச்சிக்கு, மாயக்காள் கும்பிட்டு எழுதுவது.

மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். கைப்பழக்கம். உங்கள் கடிதத்தில் இருந்த ஸ்தோத்திரத்தை எங்கள் பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் உங்கள் கர்த்தரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

நான் படித்தது நாலாவது. அதிலும் மூணாவதும் நாலாவதும் ஒரே பெஞ்சு. என் எழுத்து பணியாரம் பணியாரமாக இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று படிக்கவும்.

உங்கள் கடிதம் வந்த அன்று தபால்காரர் தெருமுனையிலிருந்தே, "மாயக்கா, ஒனக்குக் கடுதாசி. நோட்டீசு இல்ல, நெசமான கடுதாசி" என்று கூவிக்கொண்டு வந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர், "யாரு போட்டது?" என்றார். "என்னையப் பிடிச்சிட்டுப் போக வந்தாகல்ல, அவுக" என்றேன். "அப்பறம் ஏன் விட்டுட்டுப் போனாக?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். வருத்தம்தான் அவருக்கு.

நன்றியை என் தலையில் மட்டும் வைக்காதீர்கள் அண்ணாச்சி. அது காது முறைக்குச் சேரவேண்டியது. என்னவென்று சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் அடைந்து குமுளி வழியாக மேலே கேரளத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். எந்த ஜீப்பு கிளம்பும், மழைக்கு வேலை உண்டா, ரோட்டில் யானை நிற்கிறதா என்று சொல்லிக்கொள்ளத்தான் வாட்சப்பில் குரூப்பு ஆரம்பித்தோம். பாதிப் பேருக்கு எழுத்து வராது, எல்லாம் குரலில்தான் பேசிப் போடுவோம். முதலில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் போட்டார்கள். ஒரு நாள் காலையில் யானைச் செய்தி வந்தது. அதற்கு மேல் காலை வணக்கம் சொல்லி ஆளாளுக்கு ரோசாப்பூப் போட்டுவிட்டார்கள். யானை ரோசாப்பூவுக்கு அடியில் போய்விட்டது. ஜீப்பு நேரே யானைக்கு முன்னால் போய் நின்றது. அந்த ஜீப்பில் நான் இருந்தேன். நான் இவ்வளவு வேகமாகச் சாமி கும்பிட்டது என் கல்யாணத்தன்று கூடக் கிடையாது.

அதற்குப் பிறகு ஜீப்பிலேயே பேசி முடிவு செய்தோம். வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி, கேட்பதற்கும் முறை. நாளுக்கு ஒருத்தி. எல்லாக் குரலும் முதலில் அவளுக்கு மட்டும் வரும். அனுப்பினவரை அவள் இரண்டே கேள்வி கேட்பாள். யாரு பெத்த பிள்ளை? எங்கன நின்னு பாத்தே? பதில் வந்தால் குரூப்பில் விடுவாள். வராவிட்டால் அது அவள் காதோடு நின்றுவிடும். சந்தேகமென்றால் மறுநாள் ஜீப்பில் எல்லாரும் பேசிக்கொள்வோம். மேலே டவர் கிடையாது. அதனால் வேலைக்குப் போகாதவளுக்குத்தான் முறை. காய்ச்சல்காரி, விருந்துக்கு ஆள் வந்தவள், முட்டி வலிக்காரி. முட்டி வலிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊர் இது ஒன்றுதான்.

அன்றைக்கு என் முட்டியின் முறை. ஒருத்தி உங்கள் படத்தை எனக்கு அனுப்பினாள். "எங்கன நின்னு பாத்தே?" என்று கேட்டேன். "நான் பாக்கல மாயக்கா, எனக்கு வந்துச்சு" என்றாள். அவளுக்கு அனுப்பினவளைக் கேட்டேன். அவளுக்கும் வந்ததுதான். எல்லாருக்கும் வந்திருக்கிறது, ஒருத்தியும் பார்க்கவில்லை. படத்தை உற்றுப் பார்த்தேன். உங்களுக்குப் பின்னால் தெரிவது எங்கள் தண்ணித் தொட்டிச் சுவர். அப்படியே கிளம்பி வந்தேன். ஓடி வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நொண்டிக்கொண்டுதான் வந்தேன். இன்னும் கொஞ்சம் விரசாக வந்திருந்தால் உங்கள் சட்டைப் பித்தான் தப்பியிருக்கும்.

இன்னொன்று. வண்டியில் ஏறி உட்கார்ந்தது தைரியத்தில் இல்லை. பயத்தில் நிற்க முடியாமல்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினேன்.

பெயர் கேட்டீர்கள். அது முடியாது அண்ணாச்சி. தப்பு செய்தவர் பெயரைக் குரூப்புக்குள் வைத்து என்ன கேட்கவேண்டுமோ கேட்போம், வெளியே விட மாட்டோம். நாளைக்கு நீங்களே தப்பு செய்தாலும் உங்கள் பெயரையும் அப்படித்தான் வைத்திருப்போம்.

ஜெபராணி மதினிக்கு என் கும்பிடு. பட்டுச் சேலைக்கு அடியில் கிடக்கிற போனுக்கும்.

மாயக்காள்


தேனி
3.8.2024

திருமதி மாயக்காள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்துச் சிரித்தேன். ஜெபராணி என் முகத்தை ஆச்சரியமாகப் பார்த்தாள். அதற்கு நன்றி.

அந்தச் சிரிப்பு மறுநாள் மாலை வரைக்கும்கூட நிற்கவில்லை. தேனி பஸ் நிலையத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் கையில் பிடித்திருந்த பையனைத் தன் முந்தானைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஆராதனை முடிந்து வரும்போது, எனக்கு நன்றாகப் பழகிய ஒருவர், "அண்ணே, அந்த போட்டோவுல இருக்கிறது நீங்கதானா?" என்று கேட்டார். கூடலூரில் உங்கள் காது கேட்டது. சின்னமனூரிலும் போடியிலும் யார் காது கேட்கிறது? படம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் கிராமத்துக்குள் வண்டியை விட்டால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். வண்டியை விற்றுவிட்டு, திருப்பூரில் என் மைத்துனர் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். இந்த வயதில் இன்னொருவரிடம் கைகட்டி நிற்கவேண்டும்.

நீங்கள் மறைத்த பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது. கூடலூரிலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர் சொன்னார். ஜீப்பு டிரைவர் வேல்பாண்டி. அவர் இன்னொன்றும் சொன்னார். வேல்பாண்டி உங்கள் கணவரின் உடன்பிறந்த தம்பி.

உங்கள் விதி குழுவுக்காகவா, குடும்பத்துக்காகவா?

போலீசுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பச் சொல்லி ஜெபராணி நிற்கிறாள். உங்களுக்குத் தெரியாமல் அனுப்புவது சரியில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்டான்லி


கூடலூர்
10.8.2024

அண்ணாச்சிக்கு,

திருமதி என்று எழுதியிருந்தீர்கள். கோபம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

வேல்பாண்டி என் கொழுந்தன்தான். மதினி என்றால் கொழுந்தனைக் கேலி செய்யலாம், அவனும் பதிலுக்குச் செய்யலாம், அப்படி இருந்தவர்கள்தான் நாங்கள். இப்போது பேச்சு வார்த்தை இல்லை. காரணமும் இந்தக் குரூப்புதான்.

ஜீப்பு ஓட்டுகிறவன் என்று அவனும் எங்கள் குரூப்பில் இருந்தான். போன வருசம் அவன், "நாளையிலிருந்து செக்போஸ்டு அடைப்பு, ஒரு ஜீப்பும் மேலே போகாது" என்று குரல் அனுப்பினான். முறைக்காரி இரண்டு கேள்வியையும் கேட்டாள். "பத்து வருசமா ஜீப்பு ஓட்டுறவனப் பாத்து யாரு பெத்த பிள்ளைன்னு கேக்குறீகளா?" என்று குதித்தான். வாய்க்கு வந்ததைப் பேசினான். ஜீப்பில் கைதூக்கி முடிவு செய்து அவனைக் குரூப்பிலிருந்து எடுத்தோம். நான்தான் முதலில் கை தூக்கினேன். வீட்டு ஆளுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று பேச்சு வரக்கூடாது அல்லவா. அன்றோடு அவன் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. நான் போட்ட காப்பியில் சர்க்கரை இல்லை என்று சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

அவன் சும்மா இருந்தானா? டிரைவர்கள், டீக்கடையில் நிற்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்துத் தனியாக ஒரு குரூப்பு தொடங்கினான். அதில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. வருகிறது, போகிறது. உங்கள் படம் அங்கேதான் முதலில் விழுந்தது. அவன் எங்களோடு இருந்திருந்தால் அந்தப் படம் நேரே என் காதுக்கு வந்திருக்கும். ஜீப்பில் இப்போது இதுதான் பேச்சு. "தொரத்திவிட்டா தொலஞ்சான்னு நெனச்சோம், கேக்க ஆளில்லாத எடமாப் பாத்துல்ல போயி ஒக்காந்துக்கிட்டான்" என்று ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு குமுளி வரை யாரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் ஜீப்பில் இது நடக்கிற காரியமா என்று டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

புகாரை அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சட்டை கிழிந்தது உங்களுக்கு. ஸ்டேசனில் கூப்பிட்டால் நான் வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன், கொழுந்தன் பெயரையும் சேர்த்துத்தான்.

வண்டியை மட்டும் உடனே விற்றுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன். போய் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரிந்து பேசி எனக்கும் பழக்கமில்லை.

மாயக்காள்


தேனி
17.8.2024

சகோதரி மாயக்காள் அவர்களுக்கு,

வண்டியைப் பார்க்க போடியிலிருந்து ஒருவர் வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பின் கதவைத் திறந்து மூடினார். விலை கேட்டார். என் வாயில் விலை வரவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

கடுமையாக எழுதியதற்கு வருந்துகிறேன். உங்கள் வீட்டில் ஒரு வருடமாக இருக்கிற மனவருத்தம் எனக்குத் தெரியாது.

புகார் மேஜைமேல் இருக்கிறது.

ஸ்டான்லி

மாயக்காள் அக்காவுக்கு ஜெபராணி எழுதுவது. இவுக காலையில வண்டியத் தொடைக்கிறாக, சாயங்காலம் தொடைக்கிறாக. எங்கயும் ஓட்டுறதில்ல. வண்டி பளபளன்னு இருக்கு, மனுசன்தான் வாடிப்போனாரு. ஏதாவது பண்ணுங்க அக்கா.


கூடலூர்
1.9.2024

ஸ்டான்லி அண்ணாச்சிக்கும் ஜெபராணி மதினிக்கும்,

கொழுந்தன் வீட்டுக்குப் போனதைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

போனபோது வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி டயருக்குப் பின்னால் குனிந்துகொண்டான். ஜீப்பு நல்ல ஜீப்பு, ஆனால் என் கொழுந்தனை மறைக்கிற அளவுக்கு அகலம் போதாது.

"கொழுந்தனாரே, தேனில ஒரு மனுசன் வீட்டப் பூட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காக. சாவி ஒங்கிட்ட இருக்காம்ல" என்றேன்.

"நான் யாரையும் பூட்டல."

"யாரு பெத்த பிள்ளைன்னு ஒன்னையக் கேக்க மாட்டேன். ஒங்காத்தா கிட்டப் பட்டது எனக்குப் போதும்."

உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரித்துவிடக் கூடாதென்று.

"எங்கன நின்னு பாத்தே? அத மட்டும் சொல்லு."

"ஜீப்புக்குள்ள இருந்து."

"கண்ணாடி தொடச்சிருந்தியா?"

கையில் துணி இருந்தது. கண்ணாடியைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். பிறகு சொன்னான். "மதினி, தூக்குனதப் பாத்தேன். ஏத்துறாரா எறக்குறாரான்னு பாக்கல. ஜீப்புல ஆளு ஏறுனாக, வண்டிய எடுத்துட்டேன். எனக்கும் பொம்பளப் பிள்ள இருக்கு. பகீர்னு இருந்துச்சு. போட்டுட்டேன்."

"இத அப்பிடியே ஒன் குரூப்புல சொல்லு."

"சொன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

"இப்ப மதிக்கிறவன் எவன், காட்டு பாப்பம்."

உள்ளே அவன் பெண்டாட்டி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவன் போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனான். என்ன சொன்னான் என்பதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்.

"நான் சுருளியாண்டி மகன் வேல்பாண்டி. வெள்ளை ஆம்னி போட்டோ எடுத்தது நான். ஜீப்புக்குள்ள இருந்து எடுத்தேன். அவுக பிள்ளைய எறக்கிவிட்டிருக்காக, நான் தூக்கிட்டுப் போறாகன்னு சொல்லிட்டேன். நான் முழுசாப் பாக்கல. அவுக குக்கர் ரிப்பேர் பண்றவுக. படம் வச்சிருக்கிறவுக அழிச்சிருங்க. அனுப்புனவுக, அனுப்புன எடத்துக்கெல்லாம் என் குரலையும் அனுப்புங்க."

சொல்லிவிட்டு வந்து மறுபடி ஜீப்பைக் கழுவினான். ஏற்கெனவே கழுவின பக்கத்தையே.

அவன் குரூப்பில் சிலர் கேலி செய்தார்களாம். ஒருவன் விலகியே போய்விட்டானாம். ஆனால் படத்தை அழித்துவிட்டார்கள். அதற்குள் அது எத்தனையோ ஊருக்குப் போய்விட்டதே, அதை எப்படிப் பிடிப்பது என்று ஜீப்பில் பேசினோம். அப்போது ஜெயமங்கலத்திலிருந்து இங்கே வாக்கப்பட்ட ஒருத்தி, "எங்க அண்ணன் அங்கன ஒரு குரூப்பு வச்சிருக்கு. பெறந்த வீட்டுக்கு எப்பவும் வாங்கத்தான் போவேன், இந்தத் தடவ ஒண்ணு குடுத்துட்டு வாறேன்" என்றாள். பிடித்துக்கொண்டோம். ஜீப்பில் இருக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு பிறந்த ஊர் இருக்கிறது அண்ணாச்சி. ஒருத்திக்குச் சின்னமனூர், ஒருத்திக்கு லோயர் கேம்ப், ஒருத்திக்குப் போடி. அவளவள் அண்ணன் தம்பியைப் போனில் பிடித்து, "என் மொகத்துக்காகப் போடு" என்று கொழுந்தன் குரலை அந்தந்த ஊர்க் குரூப்பில் போட வைத்தாள். போட மறுத்த தம்பிக்கு, தீபாவளிக்கு வரமாட்டேன் என்று சொன்னவளும் உண்டு. அவன் மட்டும் சந்தோசமாகப் போடாமல் இருந்துவிட்டான், அது வேறு கதை.

எல்லா இடத்திலும் அழிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கேயாவது ஒரு மூலையில் கிடக்கும். ஆனால் தேடிப் போன இடமெல்லாம் கொழுந்தன் குரலும் கூடவே போயிருக்கிறது.

வேல்பாண்டியை மறுபடி குரூப்பில் சேர்த்துக்கொண்டோம். சேர்த்ததோடு, ஜீப்பு ஓட்டாத நாளில் காது முறையும் கொடுத்திருக்கிறோம். கொல்லப் பார்த்தவன் கையிலா காவலைக் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஜீப்பிலும் கேட்டார்கள். பிரித்து விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம், இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். முதல் நாள் முறை முடிந்ததும் வந்து, "மதினி, மனுசன் காதா இது, எவ்வளவு குப்பை" என்றான். வீட்டுக்குள் உட்கார்ந்து காப்பி குடித்தான். சர்க்கரை இல்லை என்றான். உங்களுக்குத்தான் அண்ணாச்சி நான் நன்றி சொல்லவேண்டும். நீங்கள் நன்றி சொல்லி எழுதாமல் இருந்திருந்தால் நான் அவன் வாசலுக்குப் போயிருக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் செவ்வாய்க்கிழமைதோறும் கூடலூர் வருகிறவர். அன்றைக்கு மட்டும் காது முறையை உங்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டதில் ஜீப்பில் எல்லாரும் கை தூக்கினார்கள். இடம் இல்லாததால் ஒருத்தி தன் கைக்குப் பதிலாக என் கையைத் தூக்கிவிட்டாள். சம்பளம் கிடையாது. மரியாதையும் சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது. பட்டுச் சேலைக்கு அடியிலிருந்து போனை எடுங்கள்.

மாயக்காள்


தேனி
25.9.2024

அன்புள்ள மாயக்காள் அக்காவுக்கு,

ஜெபராணி உங்களை அக்கா என்கிறாள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். நேற்றே நேரில் பார்த்திருந்தும் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் வாசலில் பத்துப் பேர் குக்கரோடு நிற்கும்போது இதைச் சொல்ல முடியவில்லை.

முதலில் வேல்பாண்டி விஷயம். உங்கள் கடிதம் வந்த பிறகும் நான் கிளம்பவில்லை. போன வாரம் அவர் ஜீப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் வெளியே போனேன். "வண்டி ஓடாம நின்னா பேட்டரி போயிருக்கும் அண்ணாச்சி" என்றார். போய்த்தான் இருந்தது. ஜீப்பிலிருந்து வயரை எடுத்து மாட்டினார். ஆம்னி ஒரு முறை முனகியது, பிறகு ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். வயரைச் சுருட்டும்போது தலை நிமிராமல், "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். ஜெபராணி காப்பி கொடுத்தாள். அவர் போன பிறகு புகாரைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. ஆனாலும் அடுப்பில் போட்டாள்.

நேற்று கூடலூர் எல்லைக்குள் வந்ததிலிருந்து வண்டியை இரண்டாவது கியருக்கு மேல் ஏற்றவில்லை. அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தினேன். அன்று சாவியைப் பிடுங்கியவர் என்று நினைக்கிறேன், ஒரு ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். பர்னரைச் சுத்தம் செய்து கொடுத்தேன்.

இப்போது சொல்ல வந்த விஷயம். மதியத்துக்கு மேல் என் முறையில் ஒரு குரல் வந்தது. லோயர் கேம்ப் பஸ் நிறுத்தத்தில் தெரியாத ஒரு பொம்பளை, சாக்குப் பையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பன் வாங்கிக் கொடுத்துக் கூப்பிடுகிறாள், உஷார் என்று. குரலில் அவ்வளவு பதற்றம். அக்கா, உங்களிடம் மறைக்க மாட்டேன். என் விரல் அனுப்பும் பொத்தான்மேல் போய்விட்டது. ஒருவேளை நிஜமாக இருந்தால், நான் நிறுத்திவைத்து ஒரு பிள்ளை போய்விட்டால் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. என்னை அடிக்க வந்தவர்களுக்கும் அன்று இப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் நானே அனுப்பியிருப்பேன்.

விரலை எடுத்துக்கொண்டு கேட்டேன். "நீங்க யாரு பிள்ளை? எங்கன நின்னு பாத்தீக?" பேசினவருக்கும் யாரோ அனுப்பியதுதான். உங்கள் குரூப்பில் லோயர் கேம்பில் பிறந்தவருடைய தம்பியின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவரை நேரே போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் நான் ஒரு குக்கரையும் தொடவில்லை. ஒரு அம்மாள் வாசலில் வந்து, "என்ன அண்ணாச்சி, எங்க வீட்டுக் குக்கரப் பாத்தா பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தம்பி கூப்பிட்டார். பவர் ஹவுசில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்த வயதான அம்மாளாம். சாக்கில் முருங்கைக்காய். பஸ்ஸைத் தவறவிட்டு அழுத பிள்ளைக்குப் பன் வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்களாம். தம்பி பக்கத்தில் போய் நின்றபோது, "இந்தப் பிள்ளைக்கு பஸ் வந்துச்சுன்னா சொல்லுப்பா, எனக்குக் கண்ணு தெரியல" என்றார்களாம். பிள்ளையை அதன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பிறகு அந்த அம்மாளும் தன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாராம்.

நான் கேட்ட குரல் என் காதோடு நின்றுவிட்டது. அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது. இந்நேரம் வீட்டுக்குப் போய், மகன் இளைத்துவிட்டான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் எனக்குக் கடிதம் எழுதமாட்டார். இத்தனை நாளாக ஜீப்பில் உட்கார்ந்திருக்கிற நீங்களெல்லாம் இப்படி எத்தனை பேரை, அவர்களுக்கே தெரியாமல், வீடு போய்ச் சேர விட்டிருப்பீர்கள் என்று நேற்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அவர்களில் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. எல்லார் பெயரிலும் எழுதிவிடுகிறேன். நாங்கள் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம்.

ஸ்டான்லி